பக்கத்து சீட்டுக் கதவு

அத்தியாயம் பதினான்கு

போன அத்தியாயத்தில் சாப்பாட்டு மேஜைமேல் கார் சாவியை டங்கென்று வைத்துவிட்டுப் போனாரே, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் நம் ஃப்ரிட்ஜ்காரர், அதற்குப் பிறகு நான்கு நாளாக மனைவி நர்ஸம்மாவிடம் அவர் வாயிலிருந்து முத்து உதிரவில்லை. "எடுத்துக்கோ" என்றும் சொல்லவில்லை, "தொடாதே" என்றும் சொல்லவில்லை.

அவர் ஆடிப்போனதில் தப்பில்லை. மனைவி மூன்று மாதமாக விடிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போவதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நர்ஸம்மாவோ ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில், கூட வேலை பார்க்கும் சிநேகிதியின் காரில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது வயதில்! சொல்லிக்கொடுத்தது பெற்ற மகள். இருபத்துநாலு வயதாகியும் வீட்டில் அவளுக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர்.

சிநேகிதியின் காரிலேயே டெஸ்டுக்கும் போயிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்காது. ஆனால் அந்தக் காரில் ஹேண்ட் பிரேக் ஓட்டுகிறவர் காலடியில் இருக்கிறது. ஆபத்து என்றால் பக்கத்தில் உட்காரும் அதிகாரியின் கைக்கு எட்டாது. எட்டாத வண்டி டெஸ்டுக்கு ஆகாது என்பது விதி. வேறு வழியில்லாமல்தான் நர்ஸம்மா கணவர் முன்னால் போய் நின்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. பழகுநர் உரிமம் இன்றோடு காலாவதி. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கார் ஓட்டும் உரிமம் கையில் இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக ஒரே வார்டின் நான்கு சுவர்களைப் பார்த்தவர் நர்ஸம்மா. அந்த வேலை அவருக்கு வேண்டும், வெட்கத்தை விட்டு வேண்டும்.

நேற்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ்காரர் யாரிடமும் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரைச் சுற்ற ஆரம்பித்தார். பாப்பா விண்ணப்பத்தோடு வந்த தாளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"ஹெட்லைட்?"

"எரியுது."

"பிரேக் லைட்?"

"நீ பின்னாடி போய் நின்னு பாரு."

இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடிகள், டயரின் தேய்மானம், இரண்டு பக்கமும் சீட் பெல்ட், இன்ஷூரன்ஸ், பதிவுப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்.

"கதவெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு கேட்டிருக்காங்கப்பா."

"கதவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

பாப்பாவும் யோசிக்காமல் டிக் போட்டாள். இந்த ஒரு டிக்தான் மறுநாள் மூன்று பேரையும் நடுத்தெருவில் நிறுத்தப்போகிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

*

காலையில் கிளம்பும்போது ஃப்ரிட்ஜ்காரர் வண்டிப் பத்திரங்களைத் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"கொடுங்க, என் பையில வச்சுக்கிறேன்," என்றார் நர்ஸம்மா.

"உன் கையில கொடுத்தா தொலைஞ்சிடும்."

நான்கு நாள் மௌனத்துக்குப் பிறகு மனைவியிடம் அவர் திருவாய் மலர்ந்த முதல் வாக்கியம் அது. பாப்பா சிரித்தாள். நர்ஸம்மாவும் சிரித்துவைத்தார். அது அந்த வீட்டில் இருபது வருடப் பழைய ஜோக். நர்ஸம்மா முன்பு ஒருமுறை பழகுநர் உரிமம் வாங்கியிருந்தார். வாங்கிய ஒரே மாதத்தில் அது காணாமல் போனது. பீரோவைக் கவிழ்த்து, மெத்தையைப் புரட்டி, வீட்டையே தலைகீழாக்கித் தேடினார்கள். ஃப்ரிட்ஜ்காரரும் கூடவே தேடினார். கிடைக்கவில்லை. அதோடு கார் ஓட்டும் ஆசையை மூட்டை கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எது தொலைந்தாலும் பழி நர்ஸம்மாவுக்குத்தான்.

பாப்பா பின்னால் ஏறினாள். ஃப்ரிட்ஜ்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வலது கையையும் இடது கையையும் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, விழப்போகிற சுவரைப் பார்ப்பது போல ரோட்டைப் பார்த்தார்.

சுவர் விழவில்லை. வண்டி சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் தெருவைத் தாண்டியது. முனையில் ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்துக்கொண்டு ரிவர்ஸில் வந்தது. ஃப்ரிட்ஜ்காரராக இருந்தால் ஹாரனை விடாமல் அழுத்தியிருப்பார். நர்ஸம்மா ஒரு வண்டி நீளம் தள்ளி நிறுத்தி, லாரிக்காரர் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, கையைக் காட்டி வழி விட்டார். லாரிக்காரர் நெற்றிக்குக் கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜ்காரருக்கு இத்தனை வருடத்தில் எந்த லாரிக்காரரும் கும்பிடு போட்டதில்லை.

அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. தூரத்தைப் பார்க்கிற முகம்.

டெஸ்ட் நடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும், நர்ஸம்மா இறங்கிச் சுற்றி வந்து கணவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"மகாராஜா இறங்கலாம்."

"இவ்வளவு நேரமா?" என்றார் மகாராஜா.

*

தேர்வு அதிகாரி ஒரு பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள், காதில் பேனா. முன்னால் நின்றவர்கள் மூன்று பேரில் ஒருவரை, முன் கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல் இருந்ததற்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"லைட் போடுங்க. பெருசு. சின்னது. பிரேக் மிதிங்க. ஹாரன்."

எல்லாம் சரியாக இருந்தது. ஃப்ரிட்ஜ்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி வெளியிலிருந்து கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்கைப்பிடியை இழுத்தார்.

அது பொம்மைக் கதவின் கைப்பிடி போல லொடலொடவென்று ஆடியது. கதவு திறக்கவில்லை.

"இது ஏன் திறக்கல?"

நர்ஸம்மா வெகு சாதாரணமாகச் சொன்னார். "அது அப்படித்தாங்க மேடம். நான் வந்து திறந்துவிடுறேன், இருங்க."

பாப்பா உதவிக்கு ஓடிவந்தாள். "இல்லைன்னா கண்ணாடியை இறக்கி, கையை வெளிய விட்டுத் திறக்கலாம் மேடம். நான் அப்படித்தான் இறங்குவேன்."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"இருபது வருஷமா," என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவர்களுக்கே உறைத்தது.

நேற்று டிக் போட்டபோது யாரும் பொய் சொல்லவில்லை. பாப்பா நாலு வயதில், ஓடும் காரிலிருந்து கதவு திறந்து வெளியே விழுந்தாள். புருவத்தின் மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை கைப்பிடியை இழுத்துவிட்டது என்றார் ஃப்ரிட்ஜ்காரர். அசதியில் கண்ணயர்ந்துவிட்ட நர்ஸம்மா, தன்னால்தானே என்று மாதக்கணக்கில் அழுதார். அடுத்த வாரமே ஃப்ரிட்ஜ்காரர் கதவின் உள்கைப்பிடியைச் செயலிழக்க வைத்துவிட்டார். குழந்தை வளர்ந்து பெரியவள் ஆன பிறகும் கதவு அப்படியே இருந்து, எல்லோருக்கும் பழகியும் போனது. அவர் இறங்கிச் சுற்றி வந்து மனைவிக்குக் கதவு திறந்துவிடுவார். தெருவில் மற்ற மனைவிமார்கள் தங்கள் புருஷன்மார்களிடம், "அந்த மனுஷனைப் பார்த்துக் கத்துக்கங்க" என்பார்கள்.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, இந்த சீட்டுல உக்கார்றவங்க யார் தயவும் இல்லாம வெளிய வர முடியணும். வண்டி தீப்பிடிச்சாலும், கவிழ்ந்தாலும், சும்மா இறங்கணும்னு தோணினாலும். அதுதான் விதி. இந்த வண்டியில டெஸ்ட் எடுக்க முடியாது."

நர்ஸம்மா அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். இப்படி ஒரு விதி இருக்கிறதா? இந்த சீட்டில் உட்காருகிறவர் தானாக இறங்க முடிய வேண்டும் என்று, முகம் தெரியாத யாரோ மெனக்கெட்டு யோசித்து, தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்களா? இருபது வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்து, யாராவது வந்து திறப்பார்கள் என்று கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தவர் அவர். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சரி பண்ணிட்டு வந்தா எடுப்பீங்களா மேடம்?"

"பன்னெண்டு மணியோட இன்னைக்கு முடிஞ்சுது. பதினொண்ணே முக்காலுக்கு ஒரு இடம் காலியா இருக்கு."

மணி பத்து பத்து.

*

வண்டியை மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜ்காரரின் கருவிப் பை எப்போதும் டிக்கியில் இருக்கும். பாப்பா அதை எடுத்துவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமே," என்றார்.

"இன்னொரு நாளா? இன்னைக்கோட முடியுதுப்பா!"

"உள்ள கம்பியைக் கழட்டினேன். அது இருக்கோ இல்லையோ. இருபது வருஷம் ஆச்சு."

பாப்பா அப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். பழைய ரேடியோவின் பழைய திருகாணியைக்கூட ரேடியோவோடு கட்டிவைக்கிற மனிதர் அவர். கழற்றிய பாகம் அந்த இயந்திரத்தை விட்டுப் போகக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். ஊரில் எந்த ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், செம்புக் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி இடப்பக்கம் முறுக்கிய முடிச்சு தெரிந்தால் அவர் கை பட்டது என்று சொல்லிவிடலாம்.

"உள்ளதான் கட்டி வச்சிருப்பீங்க," என்றார் நர்ஸம்மா. "எனக்குத் தெரியாதா உங்களை?"

ஃப்ரிட்ஜ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் குனிந்தார். கதவின் உள்பலகையைத் திருகி எடுத்தார். பின்னால் இரும்புத் தகட்டில் ஓர் ஓட்டை. அதற்குள் இருட்டு. கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. அன்று நுழைந்த கை இன்று இரண்டு பங்கு தடித்திருந்தது.

"நான் விடுறேன்," என்று பாப்பா கையை விட்டாள். விட்ட வேகத்தில் "ஐயோ!" என்று வெளியே இழுத்தாள். தகட்டின் விளிம்பில் அவள் நீள நகம் பாதியாக முறிந்திருந்தது.

"நகரு வாத்தியாரம்மா."

நர்ஸம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாப்பாவிடம் கொடுத்தார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினார். ஐந்து விரல்களையும் குவித்து ஓட்டைக்குள் விட்டார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. கன்னத்தைக் கதவின் இரும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சுருண்டு போன நோயாளியின் கையில், வேறு யாருக்கும் அகப்படாத நரம்பை விரல் நுனியால் தேடும்போது அம்மா இப்படித்தான் நிற்பார் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். பாப்பா அதை இதுவரை பார்த்ததில்லை. விளிம்பு கிழித்து முன்னங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. இந்தக் கையா தினமும் தன் தலையை வாரிவிட்டது என்று அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

"கிடைச்சிருச்சு," என்றார் நர்ஸம்மா. "கம்பி இருக்கு. கூட என்னமோ இருக்கே. தட்டையா."

ஃப்ரிட்ஜ்காரர் மரத்தில் கை ஊன்றிக்கொண்டார்.

கை மெதுவாக வெளியே வந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு சாண் நீளக் கம்பி. அதோடு சேர்த்து, செம்புக் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி, இடப்பக்கம் முறுக்கிக் கட்டிய, பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை.

நர்ஸம்மா கட்டைவிரலால் தூசியைத் துடைத்தார். உள்ளிருந்து இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். பழகுநர் உரிமம். பீரோவைக் கவிழ்த்துத் தேடியது.

முடிச்சைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

"என்னம்மா அது?" என்றாள் பாப்பா.

"அப்புறம்." அட்டையைத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினார். கம்பியைக் கணவரிடம் நீட்டினார். குரல் வார்டில் பேசுகிற குரலாக இருந்தது. "எந்த முனை எங்க மாட்டணும், சொல்லுங்க. மணி பதினொண்ணு இருபது."

"மேல ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும்," என்றார் ஃப்ரிட்ஜ்காரர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். "அதுல வச்சு அமுக்கினா க்ளிக்குனு சத்தம் வரும்."

கை மறுபடி உள்ளே போனது. க்ளிக் என்றது.

*

"கையில என்ன ரத்தம்?" என்று கேட்டார் அதிகாரி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே.

"கதவு மேடம். ஒண்ணுமில்ல."

"ஓட்ட முடியுமா?"

"முடியும்."

ஃப்ரிட்ஜ்காரரும் பாப்பாவும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். வண்டி முதலில் மேட்டில் ஏறி நடுவில் நின்றது. பழகாதவர்கள் தடுமாறுகிற இடம் அது. மறுபடி கிளம்பும்போது வண்டி பின்னால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போச்சு. காலையில் வந்தவர்களில் இரண்டு பேர் அங்கேதான் தோற்றார்கள். நர்ஸம்மாவின் வண்டி ஒரு கணம் மலைத்து நின்றது போலத் தெரிந்தது. பிறகு பின்னால் ஒரு மயிரிழைகூட நகராமல் முன்னால் ஏறியது.

பாப்பா வேலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நான் சொல்லிக்கொடுத்ததுப்பா அது!" என்றாள். உடனே, "இல்ல. நான் இவ்வளவு நல்லாச் சொல்லிக்கொடுக்கல," என்றாள்.

அடுத்தது நான்கு கம்புகளுக்கு நடுவில் பின்னால் போய் நிறுத்துவது. நர்ஸம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரே வளைவு. எந்தக் கம்பும் அசையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டு, அளந்து வைத்தது போல வண்டி நின்றது. வரிசையில் காத்திருந்தவர்களில் யாரோ தன்னையறியாமல் கைதட்டினார்.

"எனக்கு ரெண்டு தடவையாவது முன்ன பின்ன எடுக்கணும்," என்றார் ஃப்ரிட்ஜ்காரர். முப்பது வருடமாக ஓட்டுகிறவர், மறைக்காமல் சொன்னார். "எனக்கு இது வராது பாப்பா."

வண்டி வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் கலந்து மறைந்தது. பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி திரும்பி வந்து நின்றது. பழக்க தோஷம், கதவைத் திறக்க ஃப்ரிட்ஜ்காரரின் கால்கள் தாமாக ஓர் அடி எடுத்து வைத்தன. அதற்குள் க்ளிக் என்று சத்தம் கேட்டது. அதிகாரி தானே கதவைத் திறந்துகொண்டு, தானே இறங்கினார்.

ஜன்னல் வழியாகக் குனிந்து, கையெழுத்திட்ட தாளை நீட்டினார். "இத்தனை வருஷமா எங்கம்மா இருந்தீங்க?"

"பக்கத்து சீட்டுல மேடம்," என்றார் நர்ஸம்மா.

தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். திங்கட்கிழமை அவருடையது. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பாப்பா ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு நர்ஸம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏறுங்க," என்றார் கணவரிடம்.

ஃப்ரிட்ஜ்காரர் பக்கத்து சீட்டில் ஏறினார். பாப்பா பின்னால் ஏறினாள். நர்ஸம்மா கைப்பையைத் திறந்து, பழைய அட்டையை எடுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார். செம்புக் கம்பி இன்னும் அதில் சுற்றியிருந்தது.

"நான் தொலைக்கல," என்றார்.

பாப்பா முன்னால் சாய்ந்து அட்டையைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது.

"இருபது வருஷமா நான் தொலைச்சேன்னு நானே நம்பிட்டு இருந்தேன். நீங்களும் கூடவே மெத்தையைப் புரட்டித் தேடினீங்க." நர்ஸம்மா எஞ்சினை உயிர்ப்பித்தார். "வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். அந்தக் கதவு இப்ப உள்ள இருந்தும் திறக்கும். இறங்கணும்னா இப்பவே இறங்கிக்கலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். உக்காந்திருந்தா சொல்லணும்."

ஃப்ரிட்ஜ்காரர் கைப்பிடியைப் பார்த்தார். கை அதன் பக்கம் போகவில்லை. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

வண்டி வாசலைத் தாண்டியது. முதல் சிக்னலையும் தாண்டியது. இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, கண்ணாடிக்குக் கீழே இருந்த ஒற்றைப் பின்னல் பெண்ணைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு பாப்பா கைப்பிடியைத் தொடவே இல்ல."

பின் சீட்டில் பாப்பாவின் விரல் தானாகப் புருவத் தழும்புக்குப் போனது. சிக்னல் பச்சையாகி, பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நர்ஸம்மா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், வண்டியை நேராக எடுத்தார்.

"சொல்லுங்க," என்றார்.